எவர்சில்வர் ஏன் டிரில் பிட்டைத் தின்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பால்கனி கைப்பிடி எவர்சில்வர் பைப்புல ஆறு எம்.எம். ஓட்டை போடணும் சார். சுவத்துல ஓட்டை போட்ட அதே மெஷின்தான். முதல்ல கொஞ்சம் இறங்குச்சு, அப்புறம் கீச்னு சத்தம் மட்டும்தான் வருது. பிட்டு முனை நீலமாயிடுச்சு. புதுசு வாங்கிப் போட்டேன், அதுவும் போச்சு. பைப்பு அவ்ளோ கெட்டியா, இல்ல பிட்டு டூப்ளிகேட்டா?"

பிட் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் பைப் முதலில் அவ்வளவு கெட்டியாக இல்லை. துளை போடப் போட அது கெட்டியாகியிருக்கிறது. 304 ரக எவர்சில்வர் கடையிலிருந்து வரும் நிலையில் அதன் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 200. பைப்பாக உருட்டியதில் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். நல்ல எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற வெட்டுக்கருவி எஃகு) பிட்டின் கடினம் 800-க்கு மேல். நான்கு மடங்கு கடினமான பொருள் தோற்றுப்போகிறது என்றால் நடுவில் இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். பிட் பதம் இழந்திருக்கிறது. பைப் பதம் ஏறியிருக்கிறது.

பிட்டின் கதையை முதலில் முடித்துவிடலாம். வீட்டுக்கு வாங்கும் சாதாரண டிரில் மெஷின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,600 சுற்று அளவில் ஓடும். 6 மி.மீ. பிட்டின் விளிம்பு ஒரு சுற்றில் ஏறக்குறைய 19 மி.மீ. நகர்கிறது. ஆக நிமிடத்துக்கு 49 மீட்டர். எச்.எஸ்.எஸ். பிட்டால் எவர்சில்வரை வெட்ட ஏற்ற வேகம் நிமிடத்துக்கு 10 முதல் 15 மீட்டர்தான். திருப்பிக் கணக்குப் போட்டால் 6 மி.மீ. பிட் 640 சுற்றுக்குப் பக்கத்திலும், 10 மி.மீ. பிட் 380-லும், 3 மி.மீ. பிட் 1,270-லும் ஓட வேண்டும். வாசகரின் பிட் நான்கு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது.

வெட்டும்போது பிறக்கும் சூடு எங்காவது போயாக வேண்டும். அலுமினியமோ சாதா இரும்போ என்றால் கணிசமான பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம், சாதா இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். சூடெல்லாம் பிட்டின் முனையிலேயே தங்குகிறது. வெறும் கார்பன் ஸ்டீலில் செய்த பிட்டுக்கு 250 டிகிரியைத் தாண்டினாலே பதம் இறங்கத் தொடங்கிவிடும். எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி வரை தாங்கும், ஏனென்றால் அதிலுள்ள டங்ஸ்டன், மாலிப்டினம், வெனடியம் ஆகியவை கார்பனோடு சேர்ந்து உருவாக்கும் நுண்ணிய கார்பைடு துகள்கள் சூட்டிலும் கரையாமல் நிற்கின்றன. அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய இந்த ரக எஃகை 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். லேத்தில் கருவியின் முனை செக்கச்செவேலென்று கனன்றபடியே இரும்பைச் சீவியது.

இனி பைப்பின் பக்கம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உலோகங்கள் செய்யும் வேலைகளில் இவ்வளவு அழகானது வேறு அதிகம் இல்லை.

இரும்பு அணுக்கள் இரண்டு விதமாக அடுக்கிக்கொள்ளும். கனசதுரத்தின் எட்டு மூலையிலும் அணுக்கள், ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வொன்று என்பது ஒரு அடுக்கு. மூலைகளில் எட்டு, நட்டநடுவில் ஒன்று என்பது இன்னொன்று. சுத்த இரும்பு 912 டிகிரிக்குக் கீழே இரண்டாவது வகையில் இருக்கும், அதில்தான் காந்தம் ஒட்டும். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியம் துருவைத் தடுக்கிறது. நிக்கலின் வேலை வேறு: சூட்டில் மட்டுமே நிலைக்க வேண்டிய முதல் அடுக்கை அறை வெப்பத்திலும் கலையாமல் பிடித்து வைத்திருப்பது. அந்த அடுக்கில் காந்தம் ஒட்டாது. அணுத்தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாகச் சறுக்கும். எவர்சில்வர் தகட்டைக் குடமாக, குண்டானாக, டிபன் கேரியராக இழுத்து வளைக்க முடிவது இதனால்தான்.

ஆனால் 8 சதவீத நிக்கல் மட்டுமட்டான அளவு. அடுக்கு நிற்கிறது, ஆனால் தள்ளாடிக்கொண்டு. அறை வெப்பத்தில் அதை நசுக்கினால், வளைத்தால், மழுங்கிய முனையால் தேய்த்தால் அணுக்கள் கூட்டமாக ஒரே திசையில் வழுகி இரண்டாவது அடுக்குக்கு மாறிவிடும். எந்த அணுவும் இடம் தேடி ஊர்ந்து போவதில்லை. பக்கத்து அணுவோடு கைகோத்தபடியே, ஒலியின் வேகத்துக்கு நெருக்கமான வேகத்தில் ஒரு துணுக்குப் படிகம் முழுவதும் சாய்ந்துவிடுகிறது. இப்படிப் பிறப்பதுதான் மார்ட்டென்சைட். அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மன் உலோகவியலாளரின் பெயர் அது. கடினமானது, காந்தம் ஒட்டுவது. மாறாமல் மிஞ்சிய இடங்களிலும் நிம்மதி இல்லை: சறுக்கிக்கொண்டிருந்த தளங்களின் குறைபாட்டுக் கோடுகள் (அணு வரிசை பிசகிய இடங்கள்), கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் எதிரும் புதிருமாக நுழைந்துவிட்ட தள்ளுவண்டிகளைப் போல, ஒன்றையொன்று மறித்து நின்றுவிடுகின்றன. சூடு ஏறினால் மார்ட்டென்சைட் பிறப்பது குறையும். இந்த நெரிசல் அப்போதும் இருக்கும். இரண்டும் சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோலின் கடினத்தை இரு மடங்காகவும், சில சமயம் அதற்கு மேலும் ஏற்றிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். 1 மி.மீ. தடிமனில் விரல் அகல 304 தகட்டுத் துண்டு ஒன்று, பழைய ஹெட்போனிலிருந்து கழற்றிய சிறு காந்தம் ஒன்று போதும். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தகட்டை அருகே கொண்டுபோனால் அசையாது. தகட்டை வைஸில் பிடித்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளையுங்கள். முதல் இரண்டு வளைப்பு சுலபம், பிறகு கை உணரும்படி முரண்டு பிடிக்கும். ஒடிந்ததும் அந்த ஒடிந்த விளிம்பைக் காந்தத்திடம் காட்டுங்கள். நூல் சாயும். இரண்டு அங்குலம் தள்ளி அதே தகட்டில் ஒன்றும் நடக்காது.

பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்து, "ஒட்டுது, இது ஒரிஜினல் எவர்சில்வர் இல்லை" என்று தீர்ப்பு சொல்வதை இனியாவது விட்டுவிட வேண்டும். இழுத்து உருட்டிய 304 குண்டானின் விளிம்பில் காந்தம் லேசாகப் பிடிக்கத்தான் செய்யும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத் தகட்டில் காந்தம் ஒட்டாது, ஆனால் துருவைத் தாங்குவதில் அது 304-க்குக் கீழே. நிக்கலே இல்லாத 430-இல் முதலிலிருந்தே ஒட்டும், அதுவும் முறையான எவர்சில்வர்தான். காந்தம் சொல்வது அணு அடுக்கைப் பற்றி, தரத்தைப் பற்றியல்ல. இந்தக் கெட்டிப்படுதல் எப்போதும் கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். ரயில் பெட்டிகளுக்கான 301 ரகத் தகடுகளுக்கு வலுவே குளிர்நிலையில் உருட்டுவதால் வருவதுதான். 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் பழைய வகைப் பெட்டிகளை 2018-இல் நிறுத்திவிட்டு எவர்சில்வர் உடல் கொண்ட பெட்டிகளுக்கு மாறிவிட்டது.

இப்போது துளைக்குத் திரும்புவோம். பிட்டின் ஒவ்வொரு சுற்றும் தனக்குக் கீழே ஒரு கெட்டித் தோலை விட்டுச்செல்கிறது. அடுத்த சுற்று அந்தத் தோலுக்குக் கீழே இறங்கிக் கடிக்க வேண்டும். 6 மி.மீ. பிட்டுக்குச் சுற்றுக்கு 0.1 மி.மீ. இறக்கம் நல்ல அளவு. அழுத்தம் போதாமல் பிட் தோலின் மேலேயே தேய்ந்தால் தோல் இன்னும் கெட்டியாகும், பிட் மழுங்கும், மழுங்கிய பிட் இன்னும் தேய்க்கும். வாசகர் கேட்ட அந்தக் கீச்சுச் சத்தம் தேய்வதன் சத்தம். ஆகவே எவர்சில்வருக்கு விதி: வேகம் குறைவு, அழுத்தம் அதிகம், இடையில் சும்மா சுற்றவிடக் கூடாது.

முதலில் மெஷினில் சுத்தியல் படம் போட்ட முறையிலிருந்து டிரில் படம் போட்ட முறைக்கு ஸ்விட்சைத் தள்ளுங்கள். கான்கிரீட்டை இடித்து நொறுக்குவதற்கான அந்த ஆட்டம் உலோகத்தில் வெட்டு முனையைக் கொத்திவிடும். சுவர் பிட்டையும் மாட்டாதீர்கள், அதன் கார்பைடு முனை இடிப்பதற்காகச் செய்தது, சீவும் கூர் அதற்கு இல்லை. பேட்டரி டிரில்லில் 1, 2 என்று கியர் இருக்கும். 1-இல் பெரும்பாலும் 400, 500 சுற்றுதான், இந்த வேலைக்கு அளவெடுத்த மாதிரி. கரண்ட் மெஷின் என்றால் ட்ரிக்கரில் வேகம் குறையும் ரகம்தான் வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் மெஷினை எவர்சில்வருக்கு எடுக்கவே வேண்டாம்.

குறி போடும் இடத்தில் பலர் சென்டர் பஞ்சை ஓங்கி நான்கு அடி அடிப்பார்கள். பிட் தொடங்க வேண்டிய இடத்தையே கெட்டிப்படுத்தும் வேலை அது. கூரான பஞ்சால் ஒரே அடி, லேசாக. பிட்டின் முனைக்கோணமும் முக்கியம். சாதாரண 118 டிகிரி பிட்டின் நட்டநடுவில் உளி போன்ற ஒரு சிறு குறுக்குக் கோடு இருக்கும். அது வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுக்கினால் என்ன ஆகும் என்று இப்போது தெரியும். 135 டிகிரியில் நடுமுனையைப் பிளந்து தீட்டிய பிட்டில் அந்தக் கோடு மிகச் சிறியது. 6 மி.மீ. வரை அதை வைத்து நேரடியாகப் போடலாம். 8, 10 மி.மீ. துளைக்கு முதலில் 4 மி.மீ. போட்டுக்கொண்டால் பெரிய பிட்டின் நடுப்பகுதிக்கு நசுக்கும் வேலை இருக்காது.

இரண்டு சொட்டு கட்டிங் ஆயில் விடுங்கள். இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் தேவலாம். அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் உலோகத்தில் ஒட்டி உராய்வைக் குறைக்கும். மெஷினை நேராகப் பிடித்து, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தி, அதன் பிறகு ட்ரிக்கரை இழுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளிச் சுருள் எழுந்தால் சரி. பொடியாக வந்தால் தேய்கிறது, அழுத்தம் போதாது. சுருள் பழுப்பாகவோ நீலமாகவோ வந்தால் வேகம் அதிகம். ஒன்றரை மி.மீ. பைப் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஐந்தாறு நொடியில் சுருள் வரவில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள். மறுபக்கம் உடையப்போகும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் பிட் திருகிக்கொண்டு மணிக்கட்டை முறிக்கும். தளர்வான தகட்டைக் கையால் பிடித்துத் துளைக்கவே கூடாது, கிளாம்ப் கட்டாயம். கையுறை வேண்டாம், சுழலும் பிட் அதை இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கொதிக்கும் பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், முனையில் மயிரிழை விரிசல் விழும்.

பிட் வாங்க ஜார்ஜ் டவுன் செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் "எவர்சில்வருக்கு, கோபால்ட் பிட்" என்று கேளுங்கள். எம் 35 என்றால் 5 சதவீதம் கோபால்ட், எம் 42 என்றால் 8. தங்க நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சாகவே இருந்தாலும் தீட்டினால் முனையிலிருந்து போய்விடும்; கோபால்ட் உலோகம் முழுக்கக் கலந்திருப்பது. கையிலிருக்கும் பழைய பிட் எச்.எஸ்.எஸ்.தானா என்று அறிய அதன் தண்டை ஒரு நொடி சாணைக் கல்லில் தொடுங்கள். மஞ்சளாகப் பூப்பூவாய் வெடித்தால் கார்பன் ஸ்டீல். மங்கிய செம்மஞ்சளில் குட்டையாகச் சில பொறிகள் மட்டும் என்றால் எச்.எஸ்.எஸ். சனிக்கிழமை இரும்பு வாங்கினால் ஆகாது என்று நல்ல பிட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஃகின் குணம் அதன் சேர்மானத்திலும் பதத்திலும் இருக்கிறது, வாங்கிய கிழமையில் இல்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு: அட்டையில் எச்.எஸ்.எஸ். என்று அச்சிட்டு விற்பதை யாரும் அளந்து சொல்வதில்லை. விமானத்துக்கும் ராக்கெட்டுக்குமான உலோக ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது நியாயமே. அதில் ஒரு துளியை எடுத்து, 1962-இல் தொடங்கிய பெங்களூரு மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அரசுக் கூடங்களில் கடைத்தெரு பிட்டுகளைச் சோதித்து முடிவுகளைத் தமிழிலும் வெளியிட்டால், ஐ.டி.ஐ. மாணவர் முதல் தெருமுனை வெல்டர் வரை பயன்பெறுவார்கள்.

வாசகரின் பைப்பில் இப்போது பாதித் துளை பளபளவென்று கண்ணாடி போல இருக்கும். அதே பிட்டால் அதன்மேல் இன்னொரு முறை முயல்வது வீண். புதிய கோபால்ட் பிட்டை மிக மெதுவாக, முழு அழுத்தத்தோடு இறக்குங்கள். அதுவும் வழுக்கினால் உலோகத்துக்கான முழு கார்பைடு பிட் ஒன்று வாங்கலாம். அது ஆட்டம் தாங்காது, ஸ்டாண்டில் பூட்டிய மெஷினில்தான் பிழைக்கும். கழற்ற முடியாத கைப்பிடி என்றால் குறியை ஒரு அங்குலம் தள்ளிப் போட்டு, புதிய இடத்தில் தொடங்குவதே எளிது.

துளை விழுந்ததும் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, சூட்டில் பழுப்பேறிய வளையத்தைப் பச்சை நைலான் தேய்ப்பானால் வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும். காசிமேட்டிலோ எண்ணூரிலோ உப்புக் காற்று முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். இரும்பு நார் வேண்டாம், அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு நான்கே நாளில் துருப்புள்ளி வைக்கும். தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பிட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். எச்.எஸ்.எஸ்.ஸில் குரோமியம் 4 சதவீதம்தான், கடற்கரைக் காற்றில் அதுவும் துருப்பிடிக்கும்.