உடுமறைப்பு என்க, கிரகணம் என்னற்க

போன மாதம் இரணைமடுக் குளக்கட்டில் நடந்த வானியல் மாலைக்கு அடித்த பதாகையில் 'நட்சத்திரக் கிரகணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதை நான் காண்பது நாலாவது தடவை. பக்கத்து வீட்டு ஆச்சி வாசித்துவிட்டு, "தம்பி, அண்டைக்கு எத்தினை மணிக்குள்ள சமைச்சு முடிக்கோணும்?" என்று கேட்டா. பிழை ஆச்சியிலா?

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஒரு சிறுபொருள் உடு ஒன்றின், அதாவது விண்மீன் ஒன்றின், நேர்முன்னே வந்தால், அந்த உடு சில செக்கன்களுக்குக் காணாமற்போகும். ஆங்கிலத்தார் லத்தீனின் 'ஒளித்தல்' வினையிலிருந்து ஒக்கல்டேசன் என்று பெயர் எடுத்தார்கள். நமக்கு 'மறை' இருக்கிறது, உடுமறைப்பு. 'விண்மீன் மறைப்பு' என்றாலும் நான் வழக்குக்கு வரமாட்டேன். இதையே 'மாந்திரீக நிகழ்வு' என்று பெயர்த்த புண்ணியவானையும் வாசித்திருக்கிறேன். மாந்திரீகத்தைக் குறிக்கும் 'ஒக்கல்ட்' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்று என்பதற்காக இப்படியுமா?

கிரகணம் வடசொல் என்பதல்ல என் கோபம். சூரிய கிரகணமும் ஒருவகை மறைப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிரகணம் என்றால் பிடித்தல். பழந்தமிழிலும் திங்களைப் பாம்பு 'கொண்டது'. மெல்லக் கடி விழும், மங்கும், பிறகு விடும். உடுவோ நம் கண்ணுக்கு வெறும் புள்ளி. கடி விழ அதில் எங்கே இடம்? அன்றைக்கு வளர்பிறை நிலவின் இருட்டு விளிம்பு ஒரு உடுவை மறைத்தபோது தொலைகாட்டியில் கண் வைத்திருந்த தரம் எட்டுப் பெடியன் கத்தினான்: "அண்ணை, வெள்ளி நூந்திட்டுது!" (எங்கள் பேச்சில் வெள்ளி என்றால் உடு.) எண்ணெய் வற்றி மங்கிய விளக்கல்ல, ஊதி நூர்த்த விளக்கு. பதாகை எழுதியவரைவிட அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது.

அந்தச் சடுதியில்தான் விசயமே இருக்கிறது. முற்றத்தில் 20 செ.மீ. தொலைகாட்டியும் வீடியோக் கமராவும் ஜிபிஎஸ் நேரமும் வைத்திருக்கும் ஆர்வலர் அளப்பது அதைத்தான். உடுவின் ஒளியில் சிறுபொருளின் நிழல் நிலத்தில் செக்கனுக்கு 25 கி.மீ. ஓடினால், 4 செக்கன் மறைவு 100 கி.மீ. நாண், அதாவது பொருளின் குறுக்கே ஓடும் ஒரு கோட்டின் நீளம். பல ஊர்க்காரரின் நாண்களை அடுக்கினால் கண்காணாத பொருளின் உருவம் வந்துவிடும். 1977இல் யுரேனஸின் வளையங்களும் 2017இல் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குறுங்கோள் அவுமியாவின் வளையமும் அகப்பட்டது, பெரிய மறைவுக்கு முன்னும் பின்னும் உடு சற்றுச் சிமிட்டியதால்தான்.

குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். மறைப்பு என்றால் மறைவு நேரம், தோற்ற நேரம், மறையுடு (மறைக்கப்படும் உடு) என்று கிளை விடும். கிரகணம் தருவது பஞ்சாங்கத்தின் ஸ்பரிசமும் (தொடுதல்) மோட்சமும் (விடுதல்)தான். 'உடு 21 மணி 14 நிமிடத்தில் மோட்சம் அடைந்தது' என்று அறிக்கை அனுப்புவதா?

ஒழுங்கு செய்தவரிடம் சொன்னேன். "கிரகணம் எண்டாத்தான் அண்ணை சனம் வரும்" என்றார். சனம் வந்ததுதான். ஆச்சி மட்டும் வெள்ளெனச் சமைத்துச் சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டா.