விழுபவர் ஒருவர், காரணம் இன்னொருவர்

அமெச்சூர் சைக்கிள் பந்தயங்களில் காயத்தோடு மருத்துவக் கூடாரத்துக்கு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, எங்கே வலிக்கிறது என்று. அடுத்துக் கேட்பது, எப்படி விழுந்தீர்கள் என்று. யார் மேல் தவறு என்று கண்டுபிடிப்பதற்காக அல்ல. கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டையும் காரை எலும்பையும் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் நுனி வயிற்றில் இடித்திருந்தால், வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம். விழுந்த விதம் தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று எங்களுக்குப் புரியும்.

அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "முன்னால போனவர் திடீர்னு பிரேக் பிடிச்சிட்டார் டாக்டர்." "வளைவுல ஒருத்தர் உள்ளே புகுந்தார்." "என்ன நடந்ததுன்னே தெரியல, கீழே கிடந்தேன்." எங்களிடம் வருபவர்களில் பலர் விபத்தைத் தொடங்கி வைத்தவர்கள் அல்ல. தொடங்கி வைத்தவருக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டிருக்கும், அவ்வளவுதான். அவர் எல்லைக்கோட்டைத் தாண்டி, மெடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். தன் ஒரு சின்ன அசைவால் நான்கு பேர் தரையில் உருண்டார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் அடுத்த பந்தயத்திலும் அதையே செய்வார். அமெச்சூர் பந்தயத்தின் பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. சைக்கிள் நிமிர்ந்து நிற்பது, முன்சக்கரத்தை நாம் நொடிக்கு நொடி இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால். நமக்கே தெரியாமல் கை அதைச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் பக்கவாட்டில் உரசினால், அந்தத் திருப்பல் நின்றுபோகிறது. சமநிலையும் கூடவே போய்விடுகிறது. முன்னால் போகிறவருக்கோ உரசியது பின்சக்கரத்தில். அவருடைய முன்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. லேசாக ஒரு தட்டு தட்டியது போல உணர்வார், சமாளித்துப் போய்விடுவார். பின்னால் வந்தவர் விழுவார். அவர் மேல் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விழுவார்கள்.

சரி, இடைவெளி விட்டு ஓட்டலாமே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். பந்தயத்தில் அது நடக்காது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது நம்மைத் தடுப்பது முக்கியமாகக் காற்றுதான். 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு, 121 பேர் கொண்ட ஒரு பெலோட்டானை, அதாவது ஒட்டி ஓட்டும் பெருங்கூட்டத்தை, கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. தனியாக ஓட்டுபவருக்கு இருக்கும் காற்றுத் தடையில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் கூட்டத்தின் நடுப்பின் பகுதியில் இருப்பவருக்கு இருக்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. இவ்வளவு பெரிய லாபத்தை யார் விடுவார்கள்? ஒட்டி ஓட்டுவதை இந்த விளையாட்டிலிருந்து பிரிக்க முடியாது.

ஆனால் அதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். நீங்கள் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் பல மீட்டர் கடந்துவிடுவீர்கள். உங்களுக்கும் முன்சைக்கிளுக்கும் நடுவே இருப்பது அரை மீட்டர். முன்னால் போகிறவர் எதிர்பாராத ஒன்றைச் செய்தால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கூட்டத்தில் உங்கள் பாதுகாப்பு முன்னால் போகிறவரின் கையில் இருக்கிறது, உங்களுக்குப் பின்னால் வருபவரின் பாதுகாப்பு உங்கள் கையில் இருக்கிறது. உடலைப் பல மாதம் தயார் செய்துகொண்டு வருபவர்கள்கூட இந்த இரண்டாவது பாதிக்கு எந்தப் பயிற்சியும் எடுப்பதில்லை.

ஒரு சின்ன உதாரணம், ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பது. எழும் நொடியில் மிதிக்கும் விசை விட்டுப்போகிறது, உடல் முன்னால் போகிறது, சைக்கிள் ஒரு சாண் பின்னுக்கு வருகிறது. எழுந்தவருக்கு அது தெரியாது. பின்னால் ஒட்டி வருபவரின் முன்சக்கரத்துக்குச் சில சமயம் அந்த ஒரு சாண்தான் மொத்த இடைவெளியும். பழகிய ஓட்டுநர்கள் ஒரு கால் மேலிருந்து கீழே அழுத்தி இறங்கும் நேரத்தில், அந்த விசை விடாமல் எழுவார்கள். சிலர் எழுவதற்கு முன் ஒரு கியரைக் கூட்டிக்கொள்வார்கள். சைக்கிள் பின்வாங்காது. பத்து நிமிடம் பயிற்சி செய்தால் வந்துவிடும். இதைப் பற்றி யாரும் சொல்லிக்கேட்காத ஓட்டுநர்களே அதிகம்.

திரும்பிப் பார்ப்பதும் அப்படித்தான். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும். வலப்பக்கம் பார்ப்பவர் தனக்கே தெரியாமல் வலப்பக்கம் ஒதுங்குவார். குனிந்த நிலையில் அக்குளின் கீழாகப் பின்னால் பார்ப்பது பாதுகாப்பானது. அப்புறம், முன்சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். முன்னால் போகிறவரின் தோளைத் தாண்டி மூன்று நான்கு பேர் தள்ளிப் பார்வை இருக்கட்டும். அங்கே யாராவது மிதிப்பதை நிறுத்தினால், அது உங்களிடம் வந்து சேருவதற்குள் உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் பலர் விழுகிறார்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், சைக்கிள் சாய்ந்தபிறகு பிரேக்கைத் தொடக் கூடாது. டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு ஓர் அளவுக்குத்தான் உண்டு. திரும்புவதற்கே அதில் பெரும்பகுதி செலவாகும்போது பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. மழை பெய்திருந்தாலோ, மணல் கிடந்தாலோ, சாலைக் கோட்டின் பெயின்ட் மேல் சக்கரம் ஏறினாலோ அந்த அளவு இன்னும் குறையும். கூட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: எல்லோருக்கும் ஒரு பாதை இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து நுழைந்தவர் உள்ளே வந்து மறுபடி வெளியே போவார் என்று பக்கத்தில் இருப்பவர் கணக்குப் போட்டிருப்பார். அந்த நேரத்தில் உள்பக்கத்தில் ஒரு ஆள் புகுந்தால் அவர் இரண்டு இடம் முன்னேறலாம், ஆனால் வெளியே இருப்பவருக்குப் போக்கிடம் இல்லை. அவர் சாலையை விட்டு வெளியேறுவார், அல்லது பக்கத்தில் இருப்பவர் மேல் மோதுவார். வளைவின் உள்பக்கம் புகுந்து இடம் பிடிப்பதை நான் திறமை என்று சொல்ல மாட்டேன். அது அடுத்தவர் ஒதுங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் எடுக்கும் இடம்.

எல்லைக்கோட்டை நோக்கிய கடைசி வேகப் பாய்ச்சலான ஸ்பிரிண்ட்டில் விதி எளிது: தேர்ந்தெடுத்த கோட்டிலேயே நேராகப் போக வேண்டும். 2020 ஆகஸ்டில் போலந்து சுற்றுப் பந்தயத்தின் முதல் கட்டத்தில், இறக்கத்தில் அமைந்த எல்லைக்கோட்டை நோக்கிய ஸ்பிரிண்ட்டில் டைலன் குரோனவேகன் தன் கோட்டிலிருந்து விலகினார். பக்கத்தில் வந்த ஃபாபியோ யாக்கோப்சன் தடுப்பு வேலியில் மோதி உயிருக்குப் போராடினார். குரோனவேகனுக்கு 9 மாதத் தடை விதிக்கப்பட்டது. யாக்கோப்சன் பிழைத்து மீண்டும் பந்தயத்துக்கு வந்தார் என்பது மருத்துவர்களுக்கே பெரிய ஆறுதல். அது உலகின் சிறந்த ஓட்டுநர்களுக்கு இடையே, முதல் இடத்துக்காக நடந்தது. நான் பார்க்கும் பந்தயங்களில் முப்பத்தைந்தாவது இடத்துக்கும் முப்பத்தாறாவது இடத்துக்கும் முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள். வெற்றி வாய்ப்பு இல்லை என்று தெரிந்ததும் கடைசி சில நூறு மீட்டரில் கையை ஹேண்டில்பாரின் மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டு, ஆனால் பிரேக் பிடிக்காமல், நேராக மெதுவாக வருவதில் ஒரு குறையும் இல்லை.

இறக்கங்களில் தொலைக்காட்சி செய்யும் தீங்கு கொஞ்சமல்ல. சீட்டை விட்டு இறங்கிச் சட்டத்தின் மேல் குழாயில் உட்கார்ந்து சுருண்டு இறங்கும் முறையை உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 2021 ஏப்ரல் முதல் தடை செய்தது. அந்த நிலையில் எடை முன்பக்கம் போய்விடுகிறது, ஒரு குழி வந்தால் திருத்திக்கொள்ள வழியில்லை. தொழில்முறை வீரர்கள் விட்டுவிட்டதை, தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய அமெச்சூர்கள் இன்னும் விடவில்லை. 2023 ஜூனில் சுவிட்சர்லாந்து சுற்றுப் பந்தயத்தில் ஜினோ மேடர் இறந்தது ஓர் இறக்கத்தில்தான். அனுபவசாலிகளுக்கும் இறக்கம் இப்படி இருக்கிறது.

இதெல்லாம் போக்குவரத்துக்கு மூடிய சாலையில். பெரும்பாலான அமெச்சூர் பந்தயங்கள் முழுதாக மூடிய சாலையில் நடப்பதில்லை. முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, சந்திப்புகளில் மார்ஷல்கள். எதிர்ச்சாலை திறந்தே இருக்கும். கூட்டம் பெரிதானதும் முன்னேற இடமில்லாமல் சிலர் நடுக்கோட்டைத் தாண்டுவார்கள். எதிரே ஒன்றும் தெரியவில்லை, இரண்டு நொடியில் திரும்பிவிடலாம் என்பார்கள். நீங்கள் 40-இல் போகிறீர்கள், எதிரே கார் 60-இல் வருகிறது என்றால், இருவருக்கும் இடையே நொடிக்கு சுமார் 28 மீட்டர் குறைகிறது. நூறு மீட்டர் தள்ளி வளைவில் தோன்றும் காருக்கும் உங்களுக்கும் நான்கு நொடிகூட இல்லை. திரும்பி வர இடம் கேட்டால் கூட்டம் தராது, கூட்டத்துக்குத் தரவும் முடியாது. நடுக்கோட்டைத் தாண்டியவரை நடுவர்கள் தகுதிநீக்கம் செய்யும்போது வாதாடாதீர்கள். அந்த ஒரு விதியில் தளர்வு காட்டும் அமைப்பாளர்களின் பந்தயத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சைக்கிளைச் சரிபார்ப்பது பற்றி ஒன்றிரண்டு மட்டும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் மூடி இருக்கிறதா பாருங்கள். மூடியில்லாத குழாய் வயிற்றையோ தொடையையோ வட்டமாக வெட்டும். தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரையலுக்கான நீட்டுக் கைப்பிடிகளோடு கூட்டப் பந்தயத்துக்கு வராதீர்கள், அவற்றைப் பிடித்திருக்கும்போது கை பிரேக்கில் இல்லை. காதில் இயர்போன் வேண்டாம்.

ஹெல்மெட்டைப் பற்றி இன்று சண்டை இல்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் அணியாத ஆந்திரே கிவிலெவ் இறந்த பிறகுதான் யூசிஐ அதைக் கட்டாயமாக்கியது. இப்போது எல்லோரும் அணிகிறார்கள், ஆனால் பட்டையைத் தளர்வாக விட்டிருப்பார்கள், அல்லது போன வருடம் விழுந்த அதே ஹெல்மெட்டோடு வருவார்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது.

விழுந்த பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. விழுந்தவர் எழுந்ததும் முதலில் தேடுவது சைக்கிளை. செயினை மாட்டிவிடுங்கள், தள்ளிவிடுங்கள் என்பார். நண்பர்களும் தள்ளிவிடுவார்கள். மூளை அதிர்ச்சி ஏற்பட நினைவு தவற வேண்டும் என்பதில்லை. ஹெல்மெட் உடையாமலும் ஏற்படலாம். கண்ணில் ஒரு வெறுமை, பதில் சொல்லத் தாமதம், "இது எத்தனாவது சுற்று?" என்று கேட்டதையே திரும்பக் கேட்பது, நிற்கும்போது தள்ளாட்டம், தலைவலி, குமட்டல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குப் பந்தயம் முடிந்தது. அவருடைய சமநிலையும் முடிவெடுக்கும் வேகமும் குறைந்திருக்கின்றன, அந்த நிலையில் கூட்டத்துக்குள் போனால் மற்றவர்களுக்கும் ஆபத்து. அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள். வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, எழுப்பக் கடினமான தூக்கம் என்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

2024 செப்டம்பரில் சூரிக்கில் நடந்த உலகப் போட்டியில், மழையில், காட்டுப் பகுதி இறக்கம் ஒன்றில் விழுந்த 18 வயது மியூரியல் ஃபுரர் தலைக் காயத்தால் இறந்தார். அவர் விழுந்தது உடனே யாருக்கும் தெரியவில்லை. உலகப் போட்டியிலேயே இது நடக்குமானால் நம் பந்தயங்களில் என்ன சொல்வது? தொடங்கியவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், விலகியவர் எத்தனை பேர் என்ற கணக்கு சரியாகும்வரை அமைப்பாளர்கள் மேடையைக் கலைக்கக் கூடாது. விலகுகிறவரும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் காரில் ஏறி வீட்டுக்குப் போனவரைத் தேடி ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றும்.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த விழாதவரைப் பற்றி. யூசிஐ 2025 முதல் ஆபத்தாக ஓட்டுபவர்களுக்கு மஞ்சள் அட்டை தருகிறது. தண்டனையைவிட, செய்தவருக்குத் தகவல் போய்ச் சேருகிறது என்பதே அதில் எனக்குப் பிடித்தது. அமெச்சூர் பந்தயத்தில் அட்டை இருக்காது. ஆனால் பலருடைய சைக்கிளில் கேமரா இருக்கிறது, பக்கத்தில் ஓட்டிய நீங்கள் இருக்கிறீர்கள். பந்தயம் முடிந்து மூச்சு அடங்கிய பிறகு அவரிடம் போய்ச் சொல்லுங்கள். கூட்டத்தின் நடுவே கத்தினால் காதில் விழாது, சண்டையாகத்தான் முடியும். "மூணாவது வளைவுல நீங்க உள்ளே வந்தப்போ எனக்கு இடமே இல்ல, பின்னாடி ரெண்டு பேர் விழுந்துட்டாங்க" என்று நடந்ததை மட்டும் சொன்னால் போதும். அப்படிச் சொல்லிப் பார்த்தவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன். எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கோபப்படுவதில்லையாம். "யார் விழுந்தாங்க? இப்ப எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்கிறார்களாம். சிலர் நேராக எங்கள் கூடாரத்துக்கே வந்து விசாரித்ததுண்டு.