வெங்காயம் அல்ல: சிங்கப்பூரில் ஹயசிந்த் வாங்குபவர்களுக்கு

சென்ற பிப்ரவரியில் ஈசூனிலிருந்து ஓர் அக்கா கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். நீலப் பீங்கான் தொட்டி, அதில் ஹயசிந்த் என்னும் பூச்செடியின் நான்கு தடித்த பச்சை இலைகள். இலைகளின் அடித்தொண்டையில் நெல்லிக்காய் அளவுக்கு ஊதாவாக ஏதோ நசுங்கிக் கிடந்தது. கூடவே ஒரு வரி: "தம்பி, பொட்டலத்துப் படத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பூ நிற்கிறது. என் தொட்டியில் இதுதான் வந்தது. உரம் போதவில்லையா?"

உரத்தில் குறையில்லை. தண்ணீரும் சரியாகத்தான் ஊற்றியிருக்கிறார். அந்தக் கிழங்குக்கு ஒரு குளிர்காலம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். விற்றவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வீட்டுத் தோட்டமும் சமூகத் தோட்டமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு இந்தப் பூவைப் பற்றிய புலம்பல்கள் வரத் தொடங்கிவிடும். என்னிடமும் ஒரு கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டஜன் கிழங்குகளை வாங்கி, நல்ல மண் கலவையில், காலை வெயில் படும் இடத்தில் நட்டேன். மூன்று வாரத்தில் ஏழு அழுகின. அழுகிய ஹயசிந்த் கிழங்கின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். மீதி ஐந்தும் இலை விட்டன, பூ விடவில்லை. பாடம் அங்கே தொடங்கியது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹயசிந்த் என்றதும் நம்மில் பலருக்கு ஊர்க் குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் அது 'நீர் ஹயசிந்த்', தென்னமெரிக்கக் களை. நாம் குழம்பில் போடும் அவரைக்கும் ஆங்கிலத்தில் 'ஹயசிந்த் பீன்' என்று பெயர் உண்டு. இரண்டுக்கும் நான் சொல்லும் செடிக்கும் உறவே கிடையாது. இது துருக்கி, சிரியா, லெபனான் பக்கத்து மலைச்சரிவுகளைச் சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போய், ஹாலந்துக்காரர்களின் கையில் நூற்றுக்கணக்கான வகைகளாகப் பெருகியது. இன்றும் உலகச் சந்தைக்கு வரும் கிழங்குகளில் பெரும்பகுதி அங்கே விளைவதுதான். தாவரவியலில் இதைக் கிழங்கு என்று சொல்லக்கூடாது, குமிழம் என்பார்கள், வெங்காயமும் குமிழம்தான். இருந்தாலும் கடையில் எல்லோரும் கிழங்கு என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

பயிற்சி வகுப்புகளில் நான் ஒரு கிழங்கை நெடுக்காக வெட்டிக் காட்டுவது வழக்கம். நடுவில், அடுக்கடுக்கான செதில்களுக்குள், மணிமணியாக ஒரு குட்டிப் பூங்கொத்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதாவது நீங்கள் பூவை உருவாக்கப் போவதில்லை. கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகு, கோடையில், ஏறக்குறைய 25 டிகிரிச் சூட்டில் அது உள்ளே உருவாகிவிடுகிறது. அடுத்து வரவேண்டியது நீண்ட குளிர்: 5 முதல் 9 டிகிரிக்குள், பத்து முதல் பதினான்கு வாரம் வரை. அந்தக் குளிரில்தான் வேர் இறங்கும், சேர்த்து வைத்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், பூந்தண்டு நீளும் வல்லமை பெறும். அதன்பின் இளஞ்சூடு. சூடு, குளிர், மறுபடி இளஞ்சூடு என்ற இந்த வரிசை மாறக்கூடாது.

சிங்கப்பூரில் முதல் கட்டம் மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. மழை கொட்டும் ஜனவரி இரவில்கூட 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிரைத் தவறவிட்ட கிழங்கு என்ன செய்யும்? தண்டை நீட்டத் தெரியாமல், இலைகளின் நடுவிலேயே பூவைத் திறந்துவிடும். ஈசூன் அக்காவின் தொட்டியில் நசுங்கிக் கிடந்தது அதுதான். எவ்வளவு உரம் போட்டாலும் அது நிமிராது.

"கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) மட்டும் எப்படிப் பூக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஃபிளவர் டோம் என்னும் கண்ணாடிக் கூடம் 23 முதல் 25 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது. 2013 முதல் நடக்கும் டியூலிப் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அப்படியே வளர்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்தக் கூடத்தின் குளிர், மலர்ந்த பூ சீக்கிரம் வாடாமல் இருக்க உதவும் குளிர். கிழங்குக்குள் பூந்தண்டைத் தயார்செய்ய அது போதாது. வீட்டு ஏர்கானும் அப்படித்தான். 18 டிகிரியில் வைத்துப் போர்வைக்குள் நாம் நடுங்கலாம், கிழங்குக்கு அது கோடைதான்.

ஆகவே வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: "இது குளிர்ச்சி முடித்த கிழங்கா?" விற்பவர் தயங்கினால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் 'தயார்செய்யப்பட்டது' என்று போட்டிருந்தாலும் ஏமாறவேண்டாம். பூ சீக்கிரம் உருவாகும்படி சூட்டில் பக்குவப்படுத்தியது என்பதுதான் அதன் பொருள். குளிர் அதற்கும் வேண்டும்.

உழைப்பில்லாத வழி, ஜனவரி, பிப்ரவரியில் நாற்றுப் பண்ணைகளுக்கு வரும் மொட்டுவிட்ட தொட்டிகளை வாங்குவது. அவற்றின் குளிர்காலம் வேறெங்கோ முடிந்துவிட்டது. மொட்டு இறுக்கமாக, பச்சையாக, நிறம் இலேசாக எட்டிப்பார்க்கும் நிலையில் எடுங்கள். முழுதாக மலர்ந்ததை வாங்கினால், நம் வெக்கையில் நாலைந்து நாளில் தலை சாய்ந்துவிடும். இரவில் ஏர்கான் ஓடும் அறையில், பகலில் நேர்வெயில் படாமல் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வாசனை கடுமையானது, சன்னலைச் சாத்திய படுக்கையறையில் சிலருக்குத் தலைவலி வரும். கூடத்தில் வைப்பது நல்லது.

நீங்களே மலரவைக்க விரும்பினால் குளிர்பதனப் பெட்டிதான் உங்கள் குளிர்காலம். ஐரோப்பாவின் அறுவடைக்குப்பின், அக்டோபர், நவம்பர் வாக்கில் கிழங்குகள் கிடைக்கும். அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருக்கவேண்டும். கிழங்கின் அடிப்பக்கத்தில் பூசணமோ மெத்தென்ற இடமோ இருந்தால் தொடாதீர்கள். தோலின் நிறம் பூவின் நிறத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும்: ஊதாத் தோலில் நீலமும் ஊதாவும், வெளுத்த தோலில் வெள்ளை.

சிறு தொட்டியில் தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைத் துகளும் கலந்து, கிழங்கின் மூக்கு வெளியே தெரியும்படி நடுங்கள். இலேசான ஈரம் போதும். பிறகு குளிர்பதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் அடித்தட்டில் பத்துப் பன்னிரண்டு வாரம். உறையும் பெட்டிக்குள் வைத்தால் கூழாகிவிடும். இடமில்லாதவர்கள் வெறும் கிழங்கைக் காகிதப் பையில் போட்டும் வைக்கலாம். ஆனால் மண்ணில் வைத்ததற்கு வேர் அங்கேயே இறங்கிவிடுவதால், வெளியே வந்ததும் தடுமாறாது. கவனமாக இருக்கவேண்டியது பழங்களிடம்தான். ஆப்பிளும் வாழைப்பழமும் வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கருக்கிவிடும். பழம் வேறு தட்டில் இருந்தாலும் அதே காற்றுதான் சுற்றுகிறது. அந்த மூன்று மாதம் பழத்தை மேசையில் வையுங்கள்.

முளை இரண்டு அங்குலம் வந்ததும் வெளியே எடுங்கள், ஆனால் நேராகப் பலகணி வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் வாரம் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, நிழலான மூலையில் இருக்கட்டும். இங்கே அவசரப்பட்டவர்களுக்குத் தண்டு குட்டையாகவே நின்றுவிட்டது.

இனி, நான் உண்மையில் கவலைப்படும் விஷயம். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் காகிதப் பையில் இருந்த ஊதாத் தோல் கிழங்குகளை மாமியார் வெங்காயம் என்றே எடுத்து, சாம்பாருக்கு உரித்திருக்கிறார். கண்ணில் நீர் வராமல் கையில் அரிப்பு வந்ததால் சந்தேகப்பட்டு நிறுத்தினார். நல்லவேளை. இந்தக் கிழங்கில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. வெறுங்கையால் கையாண்டாலே தோல் அரிக்கும். கிழங்கு வயல்களில் வேலைசெய்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. தின்றால் வாய் எரியும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. கையுறை போடுங்கள், பையின்மேல் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த மொழியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பணிப்பெண் இருக்கும் வீடென்றால் அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கொசு. இடை சிறுத்த கண்ணாடிக் குடுவையில் கிழங்கை உட்காரவைத்து, கீழே தண்ணீரில் வேர் இறங்குவதைப் பார்ப்பது அழகுதான். ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஐரோப்பியக் குளிர்காலத்தில் ஏடிஸ் கொசு இல்லை. இங்கே 20 காசு நாணயம் அளவுத் தண்ணீரே அதற்குப் போதும், முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். 2020-இல் 35,000-க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்ட ஊர் இது. குடுவை வைப்பவர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றி, குடுவையின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவவேண்டும். மாற்றிய தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடக்கூடாது, ஓர் இழை கீழே நிற்கவேண்டும், தொட்டால் அழுகல். தொட்டிகளுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டே வேண்டாம் என்பது என் கட்சி. பொதுத் தாழ்வாரத்தில் தொட்டி வைக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டார் 1.2 மீட்டர் வழி விட்டு வைக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் தோட்டத்தில் நடுவது பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேலை எளிது. லண்டனில் செப்டம்பர் முதல் நவம்பருக்குள், மெல்பர்னில் ஏப்ரல், மே வாக்கில், வெயில் படும், தண்ணீர் தேங்காத நிலத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் போதும். மற்றதைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளும். பூ முடிந்ததும் இலையை மட்டும் வெட்டிவிடக்கூடாது. அது தானாக மஞ்சளாகும்வரை அடுத்த ஆண்டுக்கான சோற்றைக் கிழங்குக்குள் சேர்த்துக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் அந்தச் சோறு சேர்வதில்லை. வெக்கையில் இலை சீக்கிரம் பழுத்து, கிழங்கு சுருங்கிவிடும். அதனால் பூத்து முடிந்ததைத் தூக்கி எறியச் சொல்கிறேன். எறிய மனம் வராமல் இரண்டு மூன்று ஆண்டு வைத்திருந்து இலைக்குத் தண்ணீர் ஊற்றியவர்களைத் தெரியும். கொய்த மலர் என்று நினைத்து வாங்குங்கள். மாலைக்குப் பூ வாங்கினால் மறுநாள் அதை நட்டு வைக்கிறோமா?

குமிழத்தில் வளரும் மணமுள்ள பூதான் வேண்டும், ஆண்டுதோறும் வேண்டும் என்பவர்களை நான் நிலச்சம்பங்கி பக்கம் திருப்பிவிடுகிறேன். தேக்காவில் மாலை கட்டும் கடைகளில் பார்க்கும் அதே வெள்ளைப் பூ. மெக்சிகோவிலிருந்து வந்தது, வந்தவிடத்தில் வெப்பநாடுகளோடு ஒட்டிக்கொண்டது. குளிர்பதனப் பெட்டி வேண்டாம். ஐந்தாறு மணி நேர நேர்வெயில், நீர் வடியும் மண், நட்ட மூன்று நான்கு மாதத்தில் தண்டு. ஒரு குமிழம் ஒருமுறைதான் பூக்கும், ஆனால் பக்கக் கன்றுகள் வந்துகொண்டே இருக்கும். அந்தி சாய்ந்ததும் மணக்கும். வடக்கு நோக்கிய, வெயில் வராத வீடுகளுக்கு மட்டும் இதை நான் சொல்வதில்லை.

ஈசூன் அக்காவிடமும் சம்பங்கியைத்தான் சொன்னேன். இரண்டு தொட்டி வைத்தார். ஆனால் ஹயசிந்த்தையும் விடுவதாக இல்லை. இந்த நவம்பர் முதல் வாரத்தில் மூன்று கிழங்குகள் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் போயிருக்கின்றன. படம் அனுப்பியிருந்தார்: காகிதப் பை, மேலே நாள், அதற்குக் கீழே சிவப்பு மையில் "வெங்காயம் அல்ல". ஆப்பிள்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தன.