வெளியேறாத மூச்சு

சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாரி தொடங்கினா உம்மாவுக்கு முட்டு கூடுது. எவ்வளவு இழுத்தும் மூச்சு எடுக்க ஏலாது எண்டுறா. ஏன்?” உம்மா புகைபிடித்ததே இல்லை. காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்தவர். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வர அந்தப் புகையே போதும்.

உம்மாவின் நெஞ்சில் காற்றுக்குக் குறைவில்லை. பழைய காற்று வெளியேறாமல் அடைபட்டுக் கிடக்கிறது.

நுரையீரலின் மிகச்சிறிய குழாய்களில், அவற்றை விறைப்பாகத் தாங்கும் கசியிழையம் (குருத்தெலும்பு) இல்லை. கூடாரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல, சுற்றியுள்ள காற்றறைகளின் சுவர்களே அவற்றை நாற்புறமும் இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. புகை அந்தச் சுவர்களை அரித்துவிட்டால், மூச்சு விடும்போது நெஞ்சில் ஏறும் அழுத்தத்தில் குழாய்கள் மடங்கிவிடும்.

இந்த நிலையில் மாரியில் தடிமல் தொற்றினால் உட்சுவர் வீங்கும், சளி கூடும். குழாயின் ஆரை பாதியானால், சீரான ஓட்டத்துக்கான தடை 16 மடங்காகும். மூச்சு முட்ட, உம்மா பயந்து வேகமாக இழுக்கிறார். வேகம் கூடக்கூட வெளிவிடும் நேரம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் மிஞ்சிச் சேர்கிறது. நெஞ்சு ஊதி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குவிந்திருக்க வேண்டிய மூச்சுத் தசையான பிரிமென்றகடு தட்டையாகிறது. தட்டையான தசைக்கு மேலும் கீழிறங்கி இழுக்க வலுவில்லை. இழுக்க இடமுமில்லை.

இதற்கு உடலே கண்டுபிடித்த வழி என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பல நோயாளிகள் உதட்டைக் குவித்து ஊதுகிறார்கள். உதடு தடுப்பதால் உள்ளே பின்னழுத்தம் எழுந்து, மடங்கவிருந்த குழாய்களைத் திறந்தே வைக்கிறது. மெதுவாக விடுவதால் கூடுதலான காற்றும் வெளியேறுகிறது. மூக்கால் இழுத்து, அதைப்போல் இரு மடங்கு நேரம் குவித்த உதட்டால் விடச் சொல்லுங்கள்.

ஆனால் இது மருந்தல்ல. முட்டு வழமையைவிடக் கூடினாலோ சளி நிறம் மாறினாலோ அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். உதடு நீலமானால், தடுமாறிப் பேசினால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நூல் கட்டிவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருப்பதை என்னால் ஏற்க முடியாது. கடுமையான ஒவ்வொரு தாக்கமும் நுரையீரலின் பலத்தில் ஒரு பங்கை நிரந்தரமாகவே கொண்டுபோகலாம். பிறகு நடக்கப் பயம், நடக்காததால் கால் தசை மெலிவு, கலியாண வீட்டுக்கும் போகாத தனிமை. விறகுப் புகை குடித்த பெண்களின் நுரையீரலை ஆராய இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

மாரிக்கு முன் இன்புளுவன்சா தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தடிமல் பிடித்த பேரப்பிள்ளைகள் சுகமாகும்வரை உம்மாவின் பக்கத்தில் படுக்க வேண்டாம்.