ரத்தம் எங்கும் ஓடுகிறது, வீக்கம் மட்டும் ஏன் சில மூட்டுகளில்?

முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நம் உடலின் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்குகிறது. அதற்குக் காரணமான ஆன்டிபாடிகள் எனும் எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்தோடு தலை முதல் கால் வரை சுற்றி வருகின்றன. அப்படியானால் எல்லா மூட்டுகளும் ஒரே மாதிரி வீங்க வேண்டுமே? நடப்பது அப்படியில்லை. விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் வீங்குகின்றன. நகத்தை ஒட்டிய மூட்டு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் பிறகு முடக்குவாதம் வந்தால், அசையாத பக்கத்து மூட்டுகளில் பாதிப்பு குறைவாக இருப்பதை மருத்துவர்கள் வெகுகாலமாகவே கவனித்திருக்கிறார்கள்.

இந்தப் புதிருக்கு 2018இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தந்த விடை என்னை மிகவும் கவர்ந்தது. மூட்டழற்சி தூண்டப்பட்ட எலிகளில் சிலவற்றைச் சக்கரத்தில் ஓடவிட்டார்கள். நோய் விரைவில் தலைதூக்கியது. வேறு சில எலிகளின் பின்னங்கால்கள் தரையில் படாதபடி வாலைத் தூக்கிக் கட்டினார்கள். அந்தக் கால்களில் வீக்கம் அடங்கியே இருந்தது. எலும்பு அரிக்கப்பட்டுக் கரைவதும் கண்ட இடத்தில் வரவில்லை. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எலும்பின்மேல் அழுந்தும் இடங்களைப் போல, விசை குவியும் இடங்களிலேயே வந்தது.

விசை எப்படி அழற்சியாக மாறுகிறது? செல்களின் சவ்வில் பீசோ1 போன்ற புரதங்கள் இருக்கின்றன. சவ்வு இழுபட்டால் இவை திறந்து, கால்சியத்தை உள்ளே விடுகின்றன. 2010இல் இவற்றைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப் பல வழிகளில் செல்கள் விசையை உணர்கின்றன. மூட்டுத் திசுவின் செல்கள் இழுபடும்போது வேதிச் சமிக்ஞைகளைச் சுரக்கின்றன. அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து மோனோசைட் எனும் வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் சில, எலும்பைக் கரைக்கும் செல்களாகவே மாறிவிடுகின்றன.

விசை மட்டும் முடக்குவாதத்தை உண்டாக்கிவிடாது. நோய்க்கான முகாந்திரம் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்க வேண்டும். அது எங்கே வெடிக்கும் என்பதில்தான் விசைக்குப் பெரும் பங்கு. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் படுக்கையில் முடங்கிவிடக் கூடாது! அசையாத மூட்டு இறுகும், தசை மெலியும். முடக்குவாத நோயாளிகளுக்கும் உடற்பயிற்சி தேவை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீக்கம் மிகுந்த நாட்களில் அந்த மூட்டின் சுமையைக் குறைக்கலாம். கனமான பையை விரல்களில் தொங்கவிடாமல் முழங்கையிலோ தோளிலோ மாட்டிக்கொண்டாலே, விரல் மூட்டுகள் தாங்க வேண்டிய விசையைப் பெரிய மூட்டுகள் ஏற்றுக்கொள்ளும்.