விடியற்காலையில் ஏரிக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

ஏரியில் மீன் செத்து மிதக்கிறது என்ற செய்தி பெரும்பாலும் காலையில்தான் வரும். முந்தின நாள் சாயங்காலம் வரை துள்ளிக்கொண்டிருந்த கட்லாவும் ரோகுவும், பொழுது விடியும்போது வயிற்றைக் காட்டியபடி கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். "யாரோ மருந்தைக் கலந்துட்டாங்க" என்பதுதான் ஊரில் முதலில் எழும் பேச்சு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கழிவுநீர் சேரும் ஏரிகளில் நடக்கும் மீன் சாவுகளில் பல, நஞ்சால் வருவதில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, மூச்சு முட்டி வருபவை.

செத்த மீன்களைப் பார்த்தே இரண்டையும் ஓரளவு பிரித்துவிடலாம். மூச்சு முட்டிய சாவில் பெரிய மீன்கள் முதலில் போகும். சின்ன மீன்கள் நீர்ப்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் வாயை வைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை மேலே வந்து காற்றையே நேராக விழுங்கத் தெரிந்தவை என்பதால் பிழைத்துக்கொள்ளும். செத்த மீனின் வாய் பிளந்திருக்கும், செவுள்மூடி விரிந்திருக்கும். சாவு தொடங்குவதும் நடுநிசி தாண்டித்தான். நஞ்சு கலந்திருந்தால் நேரம் காலம் கிடையாது. குஞ்சும் பெரிசும் சேர்ந்து போகும், விராலும் தப்பாது, தவளையும் நீர்ப்பூச்சிகளும்கூடச் செத்துக் கிடக்கும். புகார் எழுதுவதற்கு முன் இந்த அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, நேரத்தோடு படமும் எடுத்து வைத்தால் விசாரணை சரியான திசையில் போகும்.

தண்ணீர் ஆக்சிஜனைக் கஞ்சத்தனமாகத்தான் ஏந்தும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது, தன்னுள் கரைத்து வைத்திருப்பது 7.5 மில்லிகிராம்தான். 20 டிகிரியில் அது 9.1 ஆக இருக்கும். வெயில் ஏற ஏறக் கொள்ளளவு குறைகிறது; வெயில் ஏற ஏற மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவை கூடுகிறது. நம் சித்திரை, வைகாசி ஏரிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை மீன்கள் நன்றாக வளரும். 3க்குக் கீழே இறங்கினால் சோர்ந்து தீனி எடுக்காது. அதற்கும் கீழே போனால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

ஏரிக்கு ஆக்சிஜன் வரும் வழிகள் இரண்டு. ஒன்று காற்று: அலை அடித்து மேல்நீரைக் கீழே தள்ளும்போது ஆக்சிஜனும் கூடவே இறங்குகிறது. அசையாத நீரில் அது தானாக ஊறி இறங்குவது மிக மிக மெதுவாக நடக்கும். இன்னொன்று பாசி, அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசிகள். பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை நேராகத் தண்ணீருக்குள்ளேயே விடுகின்றன. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் பாசியும் உயிர்தான், இரவிலும் அதற்கு மூச்சு உண்டு. பொழுது சாய்ந்ததும் அது கொடுப்பதை நிறுத்திவிட்டு எடுக்க மட்டும் செய்கிறது. பச்சைச் சாயம் கரைத்ததுபோல் இருக்கும் ஏரியில் பிற்பகல் 3 மணிக்கு அளந்தால் லிட்டருக்கு 14, 15 மில்லிகிராம்கூடக் காட்டும். கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு. அதே இடத்தில் விடியற்காலை 5 மணிக்கு அளந்தால் 1 அல்லது 2 இருக்கும்.

அதனால்தான் மாதிரி எடுக்கும் நேரம் இவ்வளவு முக்கியம். மீன் செத்த செய்தி கேட்டு ஆட்கள் வந்து, 11 மணி வெயிலில் பாட்டிலில் தண்ணீர் பிடித்தால், அதில் ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கும். மீன்வளத்துக்கு உகந்த நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கும் 'டி' பிரிவுக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும். அந்தப் பாட்டில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அறிக்கையும் வந்துவிடும். உண்மை தெரிய வேண்டுமானால் சூரியன் எழுவதற்கு முந்திய அரைமணி நேரத்தில், மேலே ஒன்றும் அடிமட்டத்திலிருந்து ஓரடி மேலே ஒன்றுமாக இரண்டு மாதிரி எடுக்க வேண்டும்.

அளக்கும் முறை 1888இல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் கண்டுபிடித்தது. இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் பாட்டிலைக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீருக்கடியிலேயே நிரப்பி மூட வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: சளசளவென்று ஊற்றினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து, கெட்டுப்போன ஏரியும் நல்ல ஏரியாகிவிடும். நிரப்பிய கையோடு 2 மில்லி மாங்கனீசு சல்பேட் கரைசலும், 2 மில்லி கார அயோடைடு கரைசலும் நீர்மட்டத்துக்குக் கீழே பிப்பெட் நுனியை வைத்து விட வேண்டும். மூடி, தலைகீழாகப் பல தடவை புரட்ட வேண்டும். உள்ளே மேகம்போல் ஒரு படிவு திரளும். அது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. பால்போல் வெள்ளையாகவே நின்றால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. காற்றை விழுங்கத் தெரியாத மீன் அங்கே இருக்க வாய்ப்பில்லை என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். பிறகு 2 மில்லி அடர் கந்தக அமிலம் விட்டால் படிவு கரைந்து அயோடின் மஞ்சள் வரும். அதில் ஏறத்தாழ 200 மில்லி எடுத்து, 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்து, வரும் நீலம் மறையும் வரை தொடர வேண்டும். செலவான தயோசல்பேட் எத்தனை மில்லியோ அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் ஒரு லிட்டரில். கணக்கே போட வேண்டாம்.

அன்றாடம் இறங்கி ஏறும் இந்த ஆக்சிஜன், ஒரு குறிப்பிட்ட இரவில் மட்டும் ஏன் அடியோடு தீர்ந்துபோகிறது? மூன்று நான்கு நாள் மேகமூட்டம் போதும். பகலில் பாசி சம்பாதிப்பது குறைகிறது, இரவுச் செலவு குறைவதில்லை. அதோடு காற்றும் நின்றுவிட்டால் மேலிருந்து வரும் வழியும் அடைபடும். இன்னொன்று கோடை மழை. வெயிலில் ஏரியின் மேல்நீர் சூடாகி, அடியிலுள்ள நீரைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். நம் பக்கத்து வெப்பநிலையில் அந்தச் சின்ன வித்தியாசமே பெரிய மதில். நீர் 29இலிருந்து 30 டிகிரிக்குப் போகும்போது குறையும் அடர்த்தி, 4இலிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது குறைவதைப்போல் 30 மடங்குக்கு மேல். ஆகவே சூடான நீர் மேலேயே கிடக்க, அடிநீர் சேற்றோடு அடைந்து ஆக்சிஜனை இழந்து நாறத் தொடங்கும். ஒரு கனமழை மேல்நீரைக் குளிரவைத்ததும் மதில் இடிந்து மேலும் கீழும் கலக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அடிநீர் மேலே வந்து, இருந்த கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் பறித்துக்கொள்ளும். அந்த மழையே வரத்துக்கால்களில் மாதக்கணக்கில் தேங்கிய சாக்கடையையும் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது.

வீட்டுக் கழிவுநீரின் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். அதாவது அதிலுள்ள கழிவைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்களுக்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் சாக்கடை, 30 லிட்டருக்கு மேல் நல்ல ஏரிநீரின் மொத்த மூச்சையும் குடித்துவிடும். இதோடு அம்மோனியாவும் சேர்கிறது. ஏரிநீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7 ஆக இருந்தால், 30 டிகிரியில் அம்மோனியாவில் 100க்கு 1 பங்குக்கும் குறைவாகத்தான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். பாசி பகலெல்லாம் கரியமில வாயுவை இழுத்து பிஎச்சை 9க்கு ஏற்றிவிட்டால், அது கிட்டத்தட்ட 45 பங்காகிவிடும். ஆக, மத்தியானத்திலும் அந்த மீன்களுக்கு நிம்மதி இல்லை.

சாக்கடையைச் சுத்திகரித்து விட்டால் சரியாகிவிடாதா? பாதிதான் சரியாகும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் அழுகும் பொருளை நன்றாகக் குறைத்துவிடும். ஆனால் பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸில் பெரும்பகுதியை விட்டுவிடும். அதைப் பிடிக்கத் தனியாக ஒரு கட்டம் வேண்டும். ஏரியைப் பச்சையாக்குவது எது என்ற வாதத்துக்கு 1973இல் கனடாவில் கண்கூடான விடை கிடைத்தது. ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில், 226ஆம் எண் ஏரியை ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப்பசேலென்று பாசி கட்டியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நன்னீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.03, 0.04 மில்லிகிராம் வந்தாலே ஏரி பச்சை கட்டும் நிலைக்குப் போய்விடும். வீட்டுக் கழிவுநீரில் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும். ஒரு மனிதர் நாளொன்றுக்கு வெளியேற்றும் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒரு கிராம், பெரும்பாலும் சிறுநீரில். 1,000 பேர் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து நாளைக்கு ஒரு கிலோ. பாசி தன் உடலைக் கட்டும் விகிதப்படி, அந்த ஒரு கிலோ பாஸ்பரஸ் 100 கிலோவுக்கு மேல் உலர்பாசியை வளர்க்கப் போதும். அந்தப் பாசி செத்து மக்கும்போது கேட்கும் ஆக்சிஜன் சுமார் 140 கிலோ. கோடை ஏரிநீரில் அவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமென்றால் 1.9 கோடி லிட்டர் நீரை முழுதாகக் காலி செய்ய வேண்டும். எல்லாப் பாஸ்பரஸும் பாசியாவதில்லை. ஆனாலும், தெளிவாகத் தெரிகிறது என்று நாம் ஏரிக்குள் விடும் சுத்திகரித்த நீர் என்ன செய்யக்கூடியது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

பாஸ்பரஸுக்கு ஆவியாகிப் போகத் தெரியாது. ஏரிக்குள் வந்தது, மிகுநீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிந்தோட வேண்டும், அல்லது மீனாகவோ செடியாகவோ கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் சேற்றில் படிந்துவிடும். சேற்றில் அதை இரும்புதான் பிடித்து வைக்கிறது. ஆனால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பின் வடிவம் மாறிப் பிடி விட்டுப்போகும், பாஸ்பரஸ் திரும்ப நீருக்குள் வரும். இங்கிலாந்து ஏரிகளில் 1940களின் தொடக்கத்திலேயே ஏரி ஆய்வாளர் கிளிஃபோர்ட் மார்ட்டிமர் இதை ஆராய்ந்து காட்டிவிட்டார். ஸ்வீடனின் ட்ரும்மன் ஏரியில் கழிவுநீரை நிறுத்திப் பத்தாண்டு கழிந்தும் பச்சை போகவில்லை. 1970இலும் 1971இலும் அடிச்சேற்றை வாரியெடுத்த பிறகுதான் தெளிந்தது.

இந்த வேலையை நம் ஏரிகளில் வழக்கமாகவே செய்துகொண்டிருந்தார்கள். கோடையில் ஏரி வற்றும். சேறு வெடித்துக் காற்றுப்பட்டு, மட்காதது மட்கும். வண்டியில் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். தெற்கே அதைக் கரம்பை என்பார்கள். வயலிலிருந்து மழையோடு வந்த சத்து வயலுக்கே திரும்பியது, ஏரியின் கணக்கும் நேரானது. இன்று நகரத்தை ஒட்டிய ஏரிகளில் பல, ஆண்டு முழுதும் நிறைந்து கிடக்கின்றன. அது மழைநீர் அல்ல, வற்றவே விடாத சாக்கடை. கோடையில் ததும்பும் ஏரியைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அந்த நீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆகாயத்தாமரை அள்ளுவதிலும் இதே கணக்குதான். அதன் தண்டிலும் வேரிலும் பாஸ்பரஸ் இருக்கிறது, அள்ளினால் நல்லது. ஆனால் அள்ளியதைக் கரையின் உட்சரிவிலேயே குவித்தால், மக்கிய சாறு அடுத்த மழையில் திரும்ப உள்ளே ஓடிவிடும். கரைக்கு வெளியே கொண்டுபோய்த்தான் உரமாக்க வேண்டும்.

விடியற்காலையில் மீன் வாய் பிளந்து மேலே நிற்பதைக் கண்டால் முதலில் மீனுக்காகப் போடும் தீனியையும் சாணத்தையும் நிறுத்த வேண்டும். மோட்டார் வைத்து ஏரிநீரையே உறிஞ்சி, உயரத்திலிருந்து பூவாளிபோல் சிதறி விழச் செய்ய வேண்டும். துடுப்புச் சக்கரக் காற்றூட்டி இருந்தால் இன்னும் நல்லது. அடிச்சேறு கலங்காதபடி குழாய் வாயை மேலாக வைப்பது அவசியம். வெயில் நன்றாக ஏறும் வரை நிறுத்தக் கூடாது. நாற்றம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் தூவினால் குளோரின் மீதி மீன்களையும் கொன்றுவிடும். பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவதும் அந்த நேரத்தில் ஆகாது. ஒரே நாளில் செத்த பாசி முழுதும் மக்கத் தொடங்கி, அடுத்த இரவு இதைவிட மோசமாகும். செத்த மீன்களும் மக்கி ஆக்சிஜனை எடுக்கும் என்பதால் அன்றே அள்ளி, கரையைவிட்டுத் தள்ளிக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். சமைக்கவோ விற்கவோ கூடாது.

தூர்வாருவதென்றால் நீர் வற்றிச் சேறு வெடித்த பிறகு, மழைக்கு முன் முடிப்பதே நல்லது. நீர் நிற்கும்போதே பொக்லைனை இறக்கிக் கலக்கினால், அடியில் அடைந்த கந்தக வாயு கிளம்பி வாருகிற நாளிலேயே மீன் சாகும். கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். ஆங்காங்கே கிணறுபோல் ஆழக் குழி பறித்தால் அந்தக் குழிகளில்தான் அடுத்த ஆண்டு ஆக்சிஜனற்ற நீர் தேங்கும். ஏரியின் உட்பரப்பு முழுதும் சமமாகச் சீவியெடுக்க வேண்டும். வாரிய வண்டலை வயலுக்குக் கொண்டுபோகும் முன், ஏரிக்குத் தொழிற்சாலைக் கழிவு வந்ததா என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும். தோல் பதனிடும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் சேற்றில் குரோமியம் இருக்கக்கூடும். ஏரியின் நாலைந்து இடங்களிலிருந்து ஒரு கைப்பிடி வீதம் எடுத்துக் கலந்து, உலர்த்தி, கன உலோகங்களுக்குப் பரிசோதித்த பிறகே வண்டி கட்ட வேண்டும்.