கோடு சரி, நிழல்தான் தப்பு

பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும்போது நேரிய அசமன்பாட்டுக் கணக்கில் (சமக்குறிக்குப் பதில் சிறியது, பெரியது என்ற குறி வரும் கணக்கு) வருஷா வருஷம் ஒரே பிழையைப் பார்க்கிறேன். அச்சுகள் சரியாக இருக்கும், அளவுத்திட்டம் சரியாக இருக்கும், கோட்டையும் ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டிருப்பார்கள். விடை அமையும் பக்கத்தைத் தீட்டிக் காட்டும் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கும்.

கேட்டால், "< வந்தா கீழே, > வந்தா மேலே சார்" என்பார்கள். யாரோ சொல்லிக்கொடுத்த குறுக்கு வழி. ஒய் இடப்பக்கம் தனியாக, கூட்டல் குறியோடு நின்றால் அது பலிக்கும். எக்ஸ் − 2ஒய் < 4 என்று கொடுத்துப் பாருங்கள், குறியைப் பார்த்ததும் கோட்டுக்குக் கீழே தீட்டிவிடுவார்கள். ஆனால் அச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஆதிப்புள்ளி (0, 0)ஐப் போட்டால் 0 < 4 என்று வருகிறது, உண்மை. ஆதிப்புள்ளி கோட்டுக்கு மேலே இருப்பதால் நிழலும் மேலேதான் விழ வேண்டும். ஒய்யைத் தனியாக்க −2ஆல் வகுக்கும்போது குறி திரும்பிவிடுகிறது. குறுக்கு வழி அதைக் கவனிப்பதில்லை.

அதனால் இப்போதெல்லாம் நான் கோட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குவதில்லை. கையில் 100 ரூபாய், நோட்டு 20, பேனா 10, என்ன வாங்கலாம் என்று கேட்கிறேன். 2 நோட்டு, 3 பேனா என்றால் 70 ரூபாய். வாங்கலாம், பச்சைப் புள்ளி. 4 நோட்டு, 4 பேனா 120 ரூபாய். முடியாது, சிவப்புப் புள்ளி. ஆளுக்கொரு புள்ளி வைத்து முடிப்பதற்குள் பச்சை ஒரு பக்கமும் சிவப்பு மறுபக்கமும் பிரிந்துவிடும். எல்லை எங்கே என்று பிள்ளைகளே விரலால் காட்டுவார்கள். 3 நோட்டு, 4 பேனா சரியாக 100 ரூபாய், கோட்டிலேயே விழும். அதையும் வாங்கலாம் என்பதால் முழுக்கோடு. கொஞ்சமாவது காசு மிச்சம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் கோட்டிலுள்ள புள்ளிகள் சேராது, அப்போது விட்டு விட்டுப் போடும் கோடு.

"அரை நோட்டு வாங்க முடியாதே சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! நோட்டுக்கும் பேனாவுக்கும் முழு எண் புள்ளிகள் மட்டும்தான் செல்லும். எடைபோட்டு வாங்கும் அரிசி, பருப்பு என்றால் நிழல் முழுவதுமே விடை.

எந்தப் பக்கம் என்று பார்க்கப் போடும் சோதனைப் புள்ளியிலும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ் > 3ஒய் என்றால் கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போகிறது. அங்கே (0, 0) எந்தப் பக்கத்தையும் காட்டாது. (1, 0) போட்டால் 1 > 0, வேலை முடிந்தது.

மூன்று நான்கு அசமன்பாடுகள் சேர்ந்து வந்தால் எல்லாவற்றையும் தீட்டாமல் ஒவ்வொரு கோட்டிலும் சிறு அம்புக்குறி போடச் சொல்கிறேன். கடைசியில் பொதுப்பகுதியை மட்டும் தீட்டினால் போதும். அப்புறம் வரும் நேரிய திட்டமிடல் பாடம் (அதிக லாபம், குறைந்த செலவு எங்கே என்று தேடுவது) அந்தப் பகுதியின் மூலைகளில்தான் விடை தேடுகிறது. 1939இல் லெனின்கிராடில் சோவியத் கணித அறிஞர் கன்டரோவிச் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக எந்திர வேலையைப் பங்கிட்ட கணக்கும் இந்த வகைதான். ஒரு நிழல் பக்கம் மாறினால் மூலைகளே மாறிவிடும். அதற்குப் பிறகு கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாகப் போட்டும் பிள்ளை மதிப்பெண்ணை இழக்கிறது.

பெற்றோர்களே, இன்று மாலை பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிழலுக்குள்ளிருந்தும் ஒரு புள்ளியை எடுத்து அசமன்பாட்டில் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கணக்குக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.